தொடக்கத்தில் பறக்காதீர்கள்: 10 கிலோமீற்றரையும் அரை மரதனையும் சீரான வேகத்தில் ஓடி முடிப்பது எப்படி?

பள்ளிக்கூட மரதன் ஓட்டத்தை வீதியோரம் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். விசில் ஊதியதும் முதல் முந்நூறு மீற்றருக்கு எல்லாரும் நூறு மீற்றர் இறுதிப் போட்டி ஓடுவதுபோலப் பறப்பார்கள், இரண்டாவது சந்தி வருவதற்குள் பாதிப்பேர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நடப்பார்கள், ஆரம்பத்தில் எங்கேயோ பின்னால் கிடந்த ஒரு மெல்லிய பொடியன் ஒவ்வொருவராகக் கடந்து வந்து முதல் மூன்று பேருக்குள் முடிப்பான். பார்க்கிறவர்கள் "அவனுக்கு நல்ல மூச்சு" என்பார்கள். மூச்சு இருக்கலாம். ஆனால் அநேகமாக அவன் செய்தது ஒன்றுதான்: தொடக்கத்தில் மற்றவர்களோடு சேர்ந்து பறக்கவில்லை.

பெரியவர்களின் ஓட்டப் போட்டிகளிலும் இதே கதைதான், சப்பாத்துத்தான் விலை கூடியது. மாதக்கணக்காகப் பயிற்சி செய்துவிட்டு, முதல் இரண்டு கிலோமீற்றரில் அத்தனையையும் வீணாக்கிவிட்டு, கடைசியில் வெயிலைத் திட்டுகிறோம். வேகத்தைத் திட்டமிடுவதற்குக் காசு தேவையில்லை, புதிய உடற்பலமும் தேவையில்லை. கொஞ்சம் கணக்கும் நிறையப் பொறுமையும் போதும். 10 கிலோமீற்றரையும் அரை மரதனையும் (21.1 கிலோமீற்றர்) மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். முழு மரதன் ஓடுபவர்களுக்கும் அடிப்படை இதுவே, தண்டனை மட்டும் இன்னும் கடுமை.

ஏன் சீராக ஓட வேண்டும்

தசைகளிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்ற மாச்சத்துச் சேமிப்பு இருக்கிறது. அது அளவோடுதான் இருக்கிறது. கடுமையாக ஓடினால் ஒன்றரை இரண்டு மணித்தியாலத்தில் அடிமட்டத்துக்கு வந்துவிடும். வேகம் கூடக் கூட உடல் கொழுப்பை விட்டுவிட்டு இந்தச் சேமிப்பையே கூடுதலாக எரிக்கும். ஆகவே முதலில் வேகமாக ஓடிச் சம்பாதிக்கும் ஒவ்வொரு செக்கனும் பின்னால் வட்டியோடு போகும். 10 கிலோமீற்றரில் சேமிப்புத் தீர்ந்துபோவது குறைவு. அங்கே பிரச்சினை வேறு: உங்கள் எல்லைக்கு மேலே போனதும் தசை தாங்க முடியாத நிலைக்கு வந்துவிடும், மூச்சு கட்டுப்பாட்டை மீறும், அதிலிருந்து மீளக் கணிசமாக வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

கணக்கில் பார்ப்போம். 60 நிமிடத்தில் 10 கிலோமீற்றர் ஓடத் திட்டமிட்ட ஒருவர் முதல் இரண்டு கிலோமீற்றரையும் தலா 5:20 இல் (5 நிமிடம் 20 செக்கன்) ஓடுகிறார். 80 செக்கன் இலாபம், சந்தோஷம். கடைசி மூன்று கிலோமீற்றரில் களைத்துப்போய் ஒன்றுக்கு 7:00 ஆகிறது. 180 செக்கன் நட்டம். நடுவில் எல்லாம் சரியாக ஓடியிருந்தாலும் 61:40 இல்தான் முடிப்பார், அதுவும் செத்தபாதியாக.

உலகத்தின் மிக வேகமான ஓட்டக்காரர்களும் இப்படித்தான் சிக்கனமாக ஓடுகிறார்கள். எலியுட் கிப்சோகே 2018 இல் பேர்லினில் 2:01:39 இல் மரதன் ஓடி உலக சாதனை படைத்தபோது முதல் பாதி 61:06, இரண்டாம் பாதி 60:33. கெல்வின் கிப்டும் 2023 இல் சிக்காகோவில் 2:00:35 இல் ஓடிப் புதிய உலக சாதனை படைத்தபோது முதல் பாதி 60:48, இரண்டாம் பாதி 59:47. இருவருமே பிற்பாதியைத்தான் வேகமாக ஓடினார்கள். யாழ்ப்பாணத்து மினிபஸ் சாரதிகளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை: கொக்குவில் வரைக்கும் ஆள் ஏற்றிக்கொண்டு ஊர்ந்து போவார்கள், அதற்கப்புறம் பிடிக்க முடியாது. நாம் அவ்வளவு முரட்டுத்தனமாகச் செய்யத் தேவையில்லை. பிற்பாதி அரை நிமிடம் வேகமாக இருந்தால் போதும்.

முதற்படி: உங்களால் உண்மையில் எவ்வளவு முடியும்?

இலக்கை ஆசையிலிருந்து எடுக்காதீர்கள், கால்களிலிருந்து எடுங்கள். போட்டிக்கு மூன்று நான்கு வாரத்துக்கு முன்னர் ஒரு 5 கிலோமீற்றர் சோதனை ஓட்டம் ஓடுங்கள். விடியப்புறம், காற்று அடங்கியிருக்கும் நாளில், சிக்னலோ புகையிரதக் கடவையோ குறுக்கிடாத வீதியில். காங்கேசன்துறை வீதிப் பக்கம் ஓடுபவர்கள் இதைக் கவனியுங்கள், குறுக்கு ஒழுங்கையால் திரும்பப் போய்க் கடவை மூடியிருந்தால் சோதனை அத்தோடு போச்சு. தூரத்தை மோட்டார் சைக்கிள் மீற்றரில் அளக்க வேண்டாம், அது துல்லியமில்லை. 400 மீற்றர் ஓடுதளத்தில் ஓட வசதி கிடைத்தால் மிகவும் நல்லது, ஐந்து கிலோமீற்றருக்குப் பன்னிரண்டரைச் சுற்று. உள்ளோடுபாதையில் ஓடுங்கள், இரண்டாவது பாதைக்கு மாறினாலே சுற்றுக்கு ஏழு மீற்றர் அளவு கூடிவிடும். பள்ளிக்கூட மைதானத்துப் புல்தரை ஓடுபாதைகள் பலவும் 400 மீற்றர் இல்லை, கேட்டுத் தெரிந்துகொண்டு ஓடுங்கள்.

5 கிலோமீற்றர் நேரம் கையில் வந்ததும், பீற் ரீகல் என்ற அமெரிக்கர் 1977 இல் வெளியிட்ட ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது. அதன்படி தூரம் இரட்டிப்பானால் நேரத்தை 2.085 ஆல் பெருக்க வேண்டும். 10 கிலோமீற்றர் நேரத்திலிருந்து அரை மரதன் நேரத்துக்குப் போக 2.206 ஆல் பெருக்குங்கள். 5 கிலோமீற்றரை 30 நிமிடத்தில் ஓடினால் 10 கிலோமீற்றர் ஏறக்குறைய 62:30. 10 கிலோமீற்றரை 60 நிமிடத்தில் ஓடினால் அரை மரதன் 2:12 சொச்சம்.

இதில் ஒரு பெரிய 'ஆனால்' இருக்கிறது. அந்த நீண்ட தூரத்துக்கான பயிற்சி உங்களுக்கு இருந்தால்தான் சூத்திரம் பலிக்கும். வாழ்நாளில் 12 கிலோமீற்றருக்கு மேல் ஓடியே இராதவர் 5 கிலோமீற்றர் நேரத்தை வைத்து அரை மரதன் இலக்குப் போட்டால் பதினாறாவது கிலோமீற்றரில் சூத்திரத்தை எழுதினவரைத் திட்டுவார். முதல் தடவை அரை மரதன் ஓடுபவர்கள் சூத்திரம் சொல்வதற்கு மேலே ஐந்து, ஏழு நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். வெட்கமே இல்லை.

இரண்டாம் படி: கணக்கைப் போட்டுக் கையில் கட்டுங்கள்

மொத்த நேரத்தை ஒரு கிலோமீற்றருக்கு எவ்வளவு என்று மாற்ற வேண்டும். அடிக்கடி தேவைப்படுபவை இவை:

10 கிலோமீற்றர்: 50 நிமிடத்துக்கு 5:00, 55 நிமிடத்துக்கு 5:30, 60 நிமிடத்துக்கு 6:00, 70 நிமிடத்துக்கு 7:00.

அரை மரதன்: 1:45 க்கு (1 மணித்தியாலம் 45 நிமிடம்) 4:59, 2:00 க்கு 5:41, 2:15 க்கு 6:24, 2:30 க்கு 7:07.

சராசரியை அப்படியே எல்லாக் கிலோமீற்றருக்கும் போடாமல் தொடக்கத்துக்குக் கொஞ்சம் தளர்வு வையுங்கள். 60 நிமிட 10 கிலோமீற்றருக்கு நான் பரிந்துரைப்பது: முதலாவது 6:10, இரண்டாவது 6:05, மூன்றிலிருந்து எட்டு வரை 6:00, ஒன்பதாவது 5:57, பத்தாவது 5:48. ஐந்தாவது கிலோமீற்றரில் மணிக்கூடு 30:15 காட்டும், பதினைந்து செக்கன் பின்னால் நிற்கிறோமே என்று பதறாதீர்கள், அது திட்டத்தில் உள்ளதுதான்.

அரை மரதனை 2:15 இல் முடிக்க: முதல் மூன்று கிலோமீற்றரும் 6:32, நான்கிலிருந்து பதினாறு வரை 6:24, மிச்சம் ஐந்து சொச்சம் கிலோமீற்றர் 6:19. பத்தாவது கிலோமீற்றரில் 1:04:24, பதினாறாவதில் 1:42:48.

ஓடிக்கொண்டு இருக்கும்போது மூளை கணக்குப் போடாது. ஆறை ஏழால் பெருக்க முடியாமல் திணறுவீர்கள், சத்தியமாக. அதனால் நான்கைந்து இடங்களுக்குரிய நேரத்தை மட்டும் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தோலில் நேரே எழுதினால் வியர்வையில் கரைந்துவிடும். பாமசியில் விற்கிற வெள்ளைத் துணிப் பிளாஸ்ரரில் ஒரு துண்டு வெட்டி, ஒட்டுவதற்கு முன்னரே மேசையில் வைத்து போல்பொயின்ற் பேனையால் அழுத்தி எழுதி, இடது மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒட்டுங்கள். எழுத்து உங்களைப் பார்த்தபடி இருக்க வேண்டும், தலைகீழாக ஒட்டுகிறவர்கள்தான் அதிகம். அதன்மேல் ஒளிபுகும் செலோரேப் ஒரு சுற்று. இரண்டு மணித்தியாலம் தாங்கும்.

ஜிபிஎஸ் மணிக்கூடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசயம். போட்டிப் பாதையைச் சட்டப்படி அளக்கும்போது ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியைத்தான் அளப்பார்கள். நீங்கள் ஒவ்வொரு முடக்கிலும் வெளிப்பக்கமாகச் சுற்றி, ஆட்களை விலத்தி, தண்ணீர் மேசைக்குப் போய் வந்து ஓடுவீர்கள். முடிவில் மணிக்கூடு 10.1 காட்டுவது சாதாரணம். அப்படியானால் 60 நிமிடத்தில் முடிக்க, மணிக்கூட்டில் 6:00 அல்ல, 5:56 தெரிய வேண்டும். அந்த நான்கு செக்கனைக் கணக்கில் எடுக்காமல் "மணிக்கூடு சரியாகத்தானே காட்டியது" என்று அரை நிமிடத்தால் இலக்கைத் தவறவிடுபவர்கள் நிறைய. கண நேர வேகத்தையும் பார்க்காதீர்கள், அது 5:30, 6:40 என்று குதித்து உங்களைப் பைத்தியமாக்கும். அந்தக் கிலோமீற்றரின் சராசரி தெரியும்படி திரையை மாற்றி வையுங்கள்.

மூன்றாம் படி: பாதையை வாசியுங்கள், முக்கியமாகக் காற்றை

வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் மேட்டைப் பற்றி அதிகாரம் அதிகாரமாக எழுதியிருக்கும். எங்களுக்கு அது தேவையில்லை, குடாநாடு தட்டையான நிலம், ஒரு பாலத்து ஏற்றம் கிடைத்தாலே பெரிய விசயம். எங்கள் மேடு காற்று.

வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். கார்த்திகை தொடங்கி மாசி வரை வாடை வடகிழக்கிலிருந்து. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பெரிய பெரிய பட்டங்களைத் தூக்கி நிறுத்துகிற அதே காற்றுத்தான், அந்த நாட்களில் பருத்தித்துறை வீதியால் ஓடினால் உங்கள் நெஞ்சிலும் வந்து மோதும்.

அந்த வீதியையே எடுங்கள். கோப்பாய், நீர்வேலிப் பக்கம் வீடுகளும் மதில்களும் வாழைத் தோட்டங்களும் இருக்கின்றன, காற்று அவ்வளவு தெரியாது, வேகம் தானாக வரும். அப்படியே போய் வல்லை வெளிக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லை. மரம் இல்லை, மதில் இல்லை, உவர் வெளியும் தண்ணீரும்தான். சைக்கிளில் போகிற கெட்டிக்காரர்களே அங்கே குனிந்து மிதிப்பார்கள். பெனியன் உடம்போடு ஒட்டும், காது இரைகிற இரைச்சலில் உங்கள் காலடிச் சத்தமே உங்களுக்குக் கேட்காது, அதே உழைப்புக்குக் கிலோமீற்றருக்குப் பதினைந்து இருபது செக்கன் கூடிவிடும். இங்கே மணிக்கூட்டுக்காக ஓடியவர் தொலைந்தார். வெளியைக் கடக்கும்வரை மூச்சை வைத்து ஓடுங்கள், வேகத்தை விட்டுவிடுங்கள்.

பண்ணைப் பாலமும் இப்படித்தான். கோட்டையைத் தாண்டித் தீவுப் பக்கமாகத் தென்மேற்கே போகும் வீதி, இரண்டு பக்கமும் கடல். சோளகக் காலத்தில் போகும்போது எதிர்க்காற்று, திரும்பி வரும்போது முதுகில் காற்று. "போகும்போது இழந்ததை வரும்போது பிடித்துவிடலாம்" என்று தோன்றும். பிடிக்க முடியாது. எதிர்க்காற்று எடுக்கிற அளவைப் பின்காற்று திருப்பித் தருவதில்லை. ஆகவே காற்று பலமான நாளில், போய்த் திரும்பும் பாதையில், மொத்த இலக்கையே ஒன்றிரண்டு நிமிடம் பின்னுக்குத் தள்ளிவிட்டுத் தொடங்குங்கள். வாடைக் காலத்தில் நிலைமை மறுபக்கம், போகும்போது பறப்பீர்கள், திரும்பும்போதுதான் கணக்குத் தீர்க்க வேண்டி வரும். இது சோளகத்தைவிட ஆபத்து, ஏனென்றால் போகும்போது காற்று தள்ளுகிறது என்பதே தெரியாது, இன்றைக்கு நல்லாய் இருக்கிறோம் என்று நினைத்துவிடுவோம். புறப்படுமுன் ஒரு கைப்பிடி மணலைத் தூவிப் பாருங்கள், அல்லது கடைப் பதாகை எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள்.

எதிர்க்காற்றில் தனியே ஓடாதீர்கள். உங்கள் வேகத்துக்கு ஒத்த இரண்டு மூன்று பேரோடு சேர்ந்து, ஒருவருக்குப் பின்னால் ஒருவராக ஓடி, மாறி மாறி முன்னுக்கு வாருங்கள். முழு வழியும் ஒருவரின் முதுகில் ஒட்டிக்கொண்டு ஓடிவிட்டுக் கடைசி நூறு மீற்றரில் அவரைக் கடப்பது சட்டப்படி சரி, ஆனால் அடுத்தநாள் தேத்தண்ணிக் கடையில் அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டி வரும்.

வெயிலைப் பற்றி: ஆறு மணிக்கு இதமாக இருப்பது ஏழரைக்கு அடுப்பு. காற்றில் ஈரப்பதன் கூட என்றால் வியர்வை காயாது, காயாவிட்டால் உடம்பு குளிராது, இரத்தத்தில் ஒரு பங்கு தோலைக் குளிர்விக்கப் போய்விடும், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்க வேண்டி வரும். பங்குனி, சித்திரையில் போட்டி என்றால் தை மாதத்து நேரத்தை இலக்காக வைக்காதீர்கள். போட்டி எத்தனை மணிக்கோ அதே நேரத்தில் பயிற்சியில் ஓடி, அந்த வெயிலில் உங்கள் கிலோமீற்றர் நேரம் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்து, அதைத்தான் கணக்கில் போட வேண்டும்.

நான்காம் படி: வேகத்தைக் காலுக்குப் பழக்குங்கள்

தாளில் 6:00 என்று எழுதினால் காலுக்குத் தெரியாது. கிழமையில் ஒருநாள் இதற்கென்று ஒதுக்குங்கள்.

ஓடுதளம் இருந்தால் 400 மீற்றர் சுற்றுக்கள். 6:00 வேகத்துக்கு ஒரு சுற்று 2:24, 5:40 க்கு 2:16, 5:00 க்கு 2:00. எட்டுச் சுற்று, நடுவில் ஒரு நிமிடம் நடை. இதில் நோக்கம் வேகமாக ஓடுவதல்ல. எட்டுச் சுற்றும் ஒன்றுக்கொன்று இரண்டு செக்கனுக்கு மேல் வித்தியாசம் வராமல் ஓடுவதுதான் பயிற்சி. முதல் சுற்றை 2:10 இல் ஓடிவிட்டுப் பெருமைப்படுகிறவர் பாடத்தில் சித்தியடையவில்லை.

அது பழகியதும் மணிக்கூட்டை மறையுங்கள். மணிக்கட்டுப் பட்டியை உள்ளுக்குத் திருப்பி ஒரு கிலோமீற்றர் ஓடுங்கள், முடிந்ததும் பார்க்காமலே எவ்வளவு எடுத்தது என்று சொல்லுங்கள், அப்புறம் பாருங்கள். ஆரம்பத்தில் முப்பது செக்கன் பிழைக்கும். சில கிழமைகளில் ஐந்து செக்கனுக்குள் வந்துவிடும். இந்தப் பயிற்சியைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட நான் உயர்வாகச் சொல்வேன், ஏனென்றால் போட்டி நாளில் மணிக்கூடு நின்றாலும், கிலோமீற்றர் பலகையைச் சரியான இடத்தில் நடாமல் விட்டிருந்தாலும் (நடக்கும், நம்புங்கள்) உங்கள் மூச்சுச் சரியாகச் சொல்லும்.

மூச்சை எப்படி வாசிப்பது? முழு வசனம் தடையில்லாமல் பேச முடிந்தால் அது இலகு ஓட்டம். நான்கைந்து சொல் பேசி மூச்செடுக்க வேண்டியிருந்தால் அரை மரதன் வேகம். இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வராவிட்டால் 10 கிலோமீற்றர் வேகம். ஒரு சொல்லும் வரவில்லை என்றால், அது கடைசிக் கிலோமீற்றராக இருந்தால்தான் சரி. கூட ஓடுகிற ஆளிடம் "மச்சான், நேற்று மேட்ச் என்ன மாதிரி?" என்று கேட்டுப் பாருங்கள், பதிலின் நீளமே போதும்.

அரை மரதன்காரர்கள் நீண்ட ஓட்டத்தின் கடைசி மூன்று நான்கு கிலோமீற்றரைப் போட்டி வேகத்தில் முடிக்கப் பழக வேண்டும். களைத்த காலில் அந்த வேகம் எப்படி இருக்கும் என்பதைப் போட்டியில்தான் முதன்முதலாகத் தெரிந்துகொள்வது நல்லதல்ல.

நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் கோயிலடி வீதிகளில் பயிற்சி வைக்காதீர்கள், வீதியும் மூடியிருக்கும், சனமும் இருக்கும். தெருநாய்களையும் சொல்லியாக வேண்டும்: விடியப்புறம் ஒழுங்கைக்குள் நாய் துரத்தி ஓடிய இருநூறு மீற்றர் உங்கள் சராசரியைக் கெடுத்திருக்கும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நாயைக் கண்டால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், பெரும்பாலும் அதுவும் விட்டுவிடும்.

ஐந்தாம் படி: முதல்நாள் இரவும் காலையும்

இரவுச் சாப்பாடு வழக்கமானதாக இருக்கட்டும், எண்ணெயும் உறைப்பும் குறைவாக. இடியப்பமும் சொதியும் நல்லது, கொத்துரொட்டியைப் போட்டி முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். காலையில் தொடக்கத்துக்கு ஒன்றரை இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னர் பாண் துண்டும் ஜாமும், அல்லது இரண்டு இதரை வாழைப்பழம், ஒரு பிளேன்ரீ. பயிற்சியில் சாப்பிட்டுப் பார்க்காத எதையும் அன்றைக்குச் சாப்பிடாதீர்கள், விலை கூடிய ஜெல்லாக இருந்தாலும் சரி.

10 கிலோமீற்றருக்கு வழியில் சாப்பாடு தேவையில்லை. அரை மரதனில், குறிப்பாக இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுப்பவர்கள், மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் வரை மாச்சத்து எடுப்பது உதவும். களைத்த பிறகல்ல, நாற்பது நாற்பத்தைந்து நிமிடத்திலேயே தொடங்குங்கள். தண்ணீர் தாகத்துக்கு ஏற்ப. அளவுக்கு மீறி வெறும் தண்ணீரைக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து ஆபத்தாகும், அதனால் நீண்ட ஓட்டத்தில் ஜீவனி போன்ற உப்புக் கரைசல் ஒன்றிரண்டு மிடறு நல்லது, அதையும் முன்னரே பழகியிருந்தால்.

சூடேற்றுதல்: பத்து நிமிடம் மிக மெதுவான ஓட்டம், கடைசியில் நான்கைந்து தடவை எண்பது மீற்றர் அளவுக்குக் கொஞ்சம் வேகம். முழங்கால், கணுக்கால் அசைத்தல். போதும்.

எங்கே நிற்பது என்பதும் திட்டத்தில் ஒரு பகுதி. முன்வரிசையில் நின்றால் 4:00 இல் ஓடுகிறவர்கள் இழுத்துக்கொண்டு போவார்கள். கடைசியில் நின்றால் சனத்தை விலத்தி விலத்தியே முதல் கிலோமீற்றர் போய்விடும். நடுவில், உங்களைப்போல ஓடுபவர்களைப் பார்த்து நில்லுங்கள்.

ஆறாம் படி: ஓட்டம்

முதல் கிலோமீற்றர். இது உங்களுக்கு மெதுவாகத் தோன்ற வேண்டும். "இது காணாது, எல்லாரும் போகிறார்கள்" என்று மனம் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் வேகம் சரி. இரண்டு கிழமை ஓய்வாக ஓடிய கால், சனம், ஒலிபெருக்கி, நெஞ்சுப் படபடப்பு எல்லாம் சேர்ந்து 5:20 ஐயும் 6:10 போலக் காட்டும். முந்நூறு மீற்றரில் ஒருமுறை மணிக்கூட்டைப் பாருங்கள், கூடியிருந்தால் உடனே குறையுங்கள், ஒரு கிலோமீற்றர் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். வீதியோரத்துப் பெரியவர்கள் "தம்பி ஓடு ஓடு, முன்னுக்குப் போறவன் களைச்சிட்டான்!" என்பார்கள், பெண்களைப் பார்த்து "பிள்ளை, விடாதை!" என்பார்கள். அன்புதான். சிரித்துவிட்டு உங்கள் வேகத்திலேயே போங்கள்.

நடுப்பகுதி. இங்கே செய்ய வேண்டியது எதுவும் செய்யாமல் இருப்பதுதான். யாராவது கடந்தால் விடுங்கள். நீங்கள் ஒருவரைக் கடப்பதானால் ஐம்பது மீற்றரில் பாய்ந்து கடக்காமல், முந்நூறு மீற்றர் எடுத்து மெதுவாகக் கடவுங்கள். முடக்குகளில் உள்பக்கமாக வெட்டுங்கள். தண்ணீர் மேசையில் பத்து அடி நடந்து ஒழுங்காகக் குடிப்பதால் ஐந்தாறு செக்கன்தான் போகும். ஓடிக்கொண்டே குடித்துப் புரையேறினால் அதைவிடக் கூடப் போகும். அந்த ஐந்து செக்கனை அடுத்த நூறு மீற்றரிலேயே பிடிக்கப் பார்க்காதீர்கள், கிலோமீற்றர் முழுவதுக்கும் பரவ விடுங்கள்.

மூன்றாம் கால்வாசி. 10 கிலோமீற்றரில் ஆறிலிருந்து எட்டு, அரை மரதனில் பன்னிரண்டிலிருந்து பதினேழு. போட்டி உண்மையில் இங்கேதான் நடக்கிறது. தொடக்கத்துப் பரபரப்பும் இல்லை, முடிவும் தெரியவில்லை, வெயிலும் ஏறிவிட்டது. ஒருவருக்கும் தெரியாமல் கிலோமீற்றருக்கு எட்டுப் பத்துச் செக்கன் நழுவுவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் அதே வேகத்தை வைத்திருக்க இப்போது கூடுதல் முயற்சி வேண்டும். முன்னைய அளவு முயற்சியே போதும் என்று விட்டுவிடுகிறோம். தோளைத் தளர்த்துங்கள், கையை இறுக்கிப் பொத்தாதீர்கள், அடியை நீட்டாமல் அடியின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஐம்பது மீற்றர் முன்னால் போகும் ஒரு பெனியனைத் தெரிந்து, அதற்கும் உங்களுக்கும் இடைவெளி கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல தடவை இடைவெளி குறையும், அவர் தொடக்கத்தில் பறந்தவராக இருப்பார்.

கடைசி. 10 கிலோமீற்றரில் கடைசி ஒன்றரை, அரை மரதனில் கடைசி மூன்று நான்கு. மூச்சுத் தாங்கினால் இங்கே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கடைசி 200 மீற்றரில் பாய முடிந்தது என்றால் நல்ல படம் கிடைக்கும், ஆனால் மிச்சம் வைத்துவிட்டீர்கள் என்றுதான் அர்த்தம்; அடுத்தமுறை எட்டாவது கிலோமீற்றரிலேயே செலவழியுங்கள்.

திட்டம் பிழைத்தால்

முதல் இரண்டு கிலோமீற்றரில் வேகமாகப் போய்விட்டதைக் கண்டுபிடித்தால், சம்பாதித்த செக்கனைக் காப்பாற்ற முயலாதீர்கள். அடுத்த ஒரு கிலோமீற்றரை இலக்கைவிடப் பத்துச் செக்கன் மெதுவாக ஓடி, மூச்சை அடக்கி, அதற்கப்புறம் திட்டத்துக்குத் திரும்புங்கள். ஆரம்பத்திலேயே திருத்தினால் தப்பலாம், ஏழாவது கிலோமீற்றரில் திருத்துவதற்கு ஒன்றும் இருக்காது.

மெதுவாகிவிட்டது, முப்பது செக்கன் பின்னால் என்றால் மிச்சமுள்ள எல்லாக் கிலோமீற்றருக்கும் பிரித்துப் போடுங்கள். ஆறு கிலோமீற்றர் இருக்கிறது, ஒன்றுக்கு ஐந்து செக்கன், அவ்வளவுதான்.

விலாவில் பிடித்தால் வேகத்தைக் குறைத்து, வாயால் முழுமூச்சையும் வெளியே விட்டு, பிடித்த இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு ஓடுங்கள், ஒன்றிரண்டு நிமிடத்தில் பெரும்பாலும் விடும். தலைசுற்றல், குளிர்வது போன்ற உணர்வு, வியர்வை நின்றுபோதல், குழப்பம் வந்தால் வேகக் கணக்கெல்லாம் முடிந்தது: நிறுத்தி, நிழலுக்குப் போய், ஆளைக் கூப்பிடுங்கள்.

இலக்கு முழுதாகவே போய்விட்டது என்று தெரிந்தால் இரண்டாவது இலக்குக்கு மாறுங்கள். அதற்காகத்தான் போட்டிக்கு முன்னரே இரண்டு நேரம் எழுதி வைக்க வேண்டும், ஒன்று எல்லாம் சரியாக நடந்தால், மற்றது காற்றும் வெயிலும் கை கொடுக்காவிட்டால். கடைசியாக வருவதிலும் குறைவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓடிய எங்கள் நாட்டு ரணதுங்க கருணானந்த, மற்றவர்கள் முடித்த பிறகும் மிச்சச் சுற்றுக்களைத் தனியே ஓடி முடித்தார். முதலில் கேலியாகப் பார்த்த கூட்டம் கடைசியில் கைதட்டியது.

ஏழாம் படி: முடித்த பிறகு

நடங்கள், குடியுங்கள், ஈர உடுப்பை மாற்றுங்கள். அன்று பின்னேரம் ஒரு கொப்பியில் ஒவ்வொரு கிலோமீற்றர் நேரத்தையும், காற்று எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் எழுதுங்கள். பிறகு இரண்டு பாதியையும் ஒப்பிடுங்கள். 10 கிலோமீற்றரில் பிற்பாதி ஒரு நிமிடத்துக்கு மேல் மெதுவாக இருந்தால், காற்றையும் வெயிலையும் கழித்த பிறகும் அப்படித்தான் என்றால், இலக்கு உங்களுக்குப் பெரிது அல்லது தொடக்கம் வேகம். முதல் இரண்டு கிலோமீற்றர் நேரத்தைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். இரண்டு பாதியும் அரை நிமிடத்துக்குள் இருந்தால் திட்டம் சரி, அடுத்த போட்டிக்குக் கிலோமீற்றருக்கு மூன்று நான்கு செக்கன் குறைத்துப் போடலாம். பிற்பாதி ஒரு நிமிடத்துக்கு மேல் வேகமாக இருந்தால் பயந்து ஓடியிருக்கிறீர்கள், பத்துச் செக்கனே குறைக்கலாம். அந்த நேரத்தைத்தான் அடுத்த கிழமைப் பயிற்சியில் 400 மீற்றர் சுற்றுக்கு மாற்றி ஓடத் தொடங்க வேண்டும்.